நாலடிக் கடல்

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் சந்துகளில் ஒன்றில் 'மோனம்' என்று ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. மூன்று மாடி. மொட்டை மாடிக்குப் போனால் மலை முழுசாகத் தெரியும். படிக்கட்டில், வராந்தாவில், பாத்ரூம் கதவில் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் 'தயவுசெய்து அமைதி காக்கவும்' என்று பல மொழிகளில் எழுதி ஒட்டியிருக்கும். அந்தக் கட்டடத்தில் அமைதி காக்காத ஒரே மனிதர், அதை எழுதி ஒட்டிய குமரேசன்தான்.

அவருக்கு நேர் எதிரே நான் டிராவல்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆகவே குமரேசன் என்னிடம் பேசுவதற்கு ரோட்டைக் கடக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அங்கிருந்தே பேசுவார்.

தண்டராம்பட்டுப் பக்கத்தில் கரும்பும் மணிலாக்கொட்டையும் பயிரிட்ட குடும்பம். இந்தச் சந்தில் ஒன்றுமே இல்லாத காலத்தில் அவருடைய அப்பா ஒரு மனையை வாங்கிப் போட்டுவிட்டுச் செத்துப்போனார். பிறகு உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் சாந்தியைத் தேடிக்கொண்டு இங்கே வர ஆரம்பித்தார்கள். சாந்தி தேடுகிறவர்களுக்கும் அட்டாச்டு பாத்ரூம் தேவைப்பட்டது. இதையெல்லாம் தன்னுடைய தொலைநோக்கு என்றுதான் குமரேசன் சொல்லுவார். அறைகளைக் கூட்டுவது, படுக்கை விரிப்பு துவைப்பது, சமையலறையைக் கவனிப்பது முதலிய சில்லறை வேலைகளை அவர் மனைவி உண்ணாமலை பார்த்துக்கொண்டார். தொலைநோக்கு முழுவதும் குமரேசன் பொறுப்பில் இருந்தது.

வினை அடுத்த தெரு பாலாஜி ரூபத்தில் வந்தது. பாலாஜியும் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர். அவர் தன் வரவேற்பறையில் ஒரு மீன் தொட்டி வைத்தார். சிவப்புச் சிவப்பாக நாலைந்து மீன்கள். வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து இணையத்தில் போட்டார்கள். குமரேசன் அந்தப் போட்டோக்களை ஒரு வாரம் பார்த்தார். பிறகு என் கடைக்கு வந்தார்.

"நல்ல தண்ணி மீனு எவன் வேணா வெப்பான்ங்க. நான் கடலையே கொண்டாரப் போறேன்" என்றார்.

"இங்க எதுக்குங்க கடலு?"

"இங்க இல்லல்ல, அதுக்குத்தான்."

கடலுக்கு நாலடி நீளத்தில் இடம் ஒதுக்கப்பட்டது. வரவேற்பறையில் அதற்குமேல் வைத்தால் செருப்பு ஸ்டாண்டை எடுக்க வேண்டும். தொட்டி வந்தது. வடிகட்டி, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் ஒரு உயரமான குழாய் எல்லாம் வந்தன. மீனுக்காக அவரே சென்னைக்குப் போய், கொளத்தூரில் வரிசையாக இருக்கும் மீன் கடைகளில் ஒன்றுக்குள் நுழைந்தார். என்ன நடந்தது என்று அவரே பெருமையாக எனக்குச் சொன்னார். அதனால் இதில் என் கைச்சரக்கு ஒன்றும் இல்லை.

கடைக்காரர் முதலில் நேர்மையாகத்தான் ஆரம்பித்திருக்கிறார். "நாலடித் தொட்டின்னா சின்ன மீனுதான் சார். கோமாளி மீன் ஒரு ஜோடி எடுத்துக்குங்க. அம்சமா இருக்கும்."

"கேட்லேர்ந்து பாத்தா தெரியுமா?"

"கேட்லேர்ந்து எதுக்கு சார் பாக்கணும்?"

"வர்றவங்க மொதல்ல கேட்டத்தான தொறக்கணும்."

ஒரு தடவை உண்மை சொல்லிப் பார்த்த திருப்தியோடு கடைக்காரர் வியாபாரத்துக்குத் திரும்பினார். மூலையில் இருந்த ஒரு தொட்டியைக் காட்டினார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு குட்டி மீன். மஞ்சள் உடம்பு, அதில் கறுப்புப் பட்டைகள். ஆட்டோவுக்கு அடித்த பெயிண்டில் மிச்சமானதை எடுத்துப் பூசியதுபோல இருந்ததாம். ஒரு நிமிஷம் நிற்கவில்லை. அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பறந்துகொண்டே இருந்தது.

"மஞ்சப்பாறை மீனு சார். செம ஓட்டம் ஓடும்."

"பெருசாவுமா?"

"ஆவும் சார்."

"ரொம்பப் பெருசாயிடாதே?"

எந்தப் பதில் சொன்னால் இவர் பையைத் திறப்பார் என்று கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். "அதெல்லாம் தொட்டிக்குத் தகுந்தாப்லதான் சார் வளரும்."

குமரேசனுக்கு இதைவிடப் பொருத்தமான இயற்கை விதி இருக்க முடியாது. கேட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற அளவுக்கு வளர்ந்து, செருப்பு ஸ்டாண்டைத் தொடுவதற்கு முன்னால் மரியாதையாக நின்றுவிடுகிற மீன். அங்கிருந்தே மரக்காணத்திலிருக்கும் தன் சகலைக்குப் போன் போட்டார். உண்ணாமலையின் தங்கை வீட்டுக்காரர் முருகையன், அங்கே ஒரு மீன் குஞ்சுப் பண்ணையில் சூப்பர்வைசர். வண்டிகளின் டயர் தேய்மானத்தைக் கணக்குப் பார்ப்பது அவர் வேலை. ஆனாலும் மீன் பண்ணையில் வேலை செய்கிறவர் அல்லவா. "ஆமாண்ணே, நானும் அப்டித்தான் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் முருகையன். விஞ்ஞானம் உறுதியானது.

மஞ்சப்பாறையும், துணைக்கு ஒரு ஜோடி கோமாளி மீனும் திருவண்ணாமலை வந்து சேர்ந்தன. பாறைக்குத் துரை என்று பேர் வைத்தார். நடையைப் பார்த்து வைத்த பேர்.

கடல் இல்லாத ஊரில் கடல் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. போர் தண்ணீரை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்து, அதற்கென்று விற்கிற உப்பைக் கலந்து, ஒரு இரவு முழுக்கச் சுழலவிட்டு, உப்பின் அளவு பார்த்து, பழைய தண்ணீரை வாரா வாரம் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதைக் குமரேசன் ஒவ்வொரு விருந்தாளிக்கும் விளக்கிச் சொல்வார். அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது உண்ணாமலை பின்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

"ஏங்க, மரக்காணத்து உப்பையே வாங்கிப் போட்டா ஆவாதா?" என்று ஒருநாள் கேட்டார்.

"அது சோத்து உப்பு. இது கடல் உப்பு."

"அது எங்கேர்ந்து வருதாம்?"

குமரேசன் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

மோனத்தில் ஒரு புதுச் சத்தம் குடியேறியது. பம்பு உறுமியது, சில்லர் முனகியது, நுரைக் குழாய் ஓயாமல் வாய் கொப்பளித்தது. மௌன விரதம் இருந்த புனேக்காரர் ஒருவர், விரதத்தை முறித்துக்கொண்டு கீழே வந்து, இந்த மோட்டாரை எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டார். "இது கடலோட ஓசை சார்" என்றார் குமரேசன். புனேக்காரர் பாலாஜி வீட்டுக்கு மாறிக்கொண்டார்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் நெருடலானது. முட்டைகூட உள்ளே வரக்கூடாது என்று வாசலில் போர்டு உண்டு. துரை சைவத்துக்கு மாறுவதாக இல்லை. கடையில் வாங்கிய உருண்டைத் தீனியை ஒரு வாய் எடுத்துத் துப்பியது. ஆகவே இறால் வந்தது, பின்வாசல் வழியாக. ஃப்ரீசரில் ஒரு டப்பாவில் 'தேங்காய்த் துருவல்' என்று ஒட்டி வைத்தார்கள். ஒருநாள் சமையல்காரம்மா பொன்னி அவசரத்தில் அதைத் திறந்து அவியலில் போடப்போனார்; மூக்கு காப்பாற்றியது. அன்றைக்கு ஏழெட்டு பேருடைய ஆன்மிகம் தப்பியது.

துரை வளர்ந்தது. முதலில் கை விரலாக இருந்தது, கையாக ஆனது. ஒரு காலையில் கோமாளி மீன் ஒன்றைக் காணவில்லை. அடுத்த சில நாளில் மற்றதும் இல்லை. "கல்லு இடுக்குல ஒளிஞ்சிக்கிட்டிருக்கும்" என்றார் குமரேசன். வந்தவர்களுக்கு அந்த இடுக்கைக் காட்டி, "உத்துப் பாருங்க, வாலு தெரியும்" என்பார். நாகரிகம் தெரிந்த சிலர் தெரிகிறது என்றும் சொன்னார்கள். துரையின் வயிறு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

வருஷம் ஒன்று ஆவதற்குள் துரை முழங்கை நீளத்தைத் தாண்டிவிட்டது. நிற்கத் தெரியாத ஜாதி அது. நடுக்கடலில் சுறாவோடு கூடவே ஓடிப் பிழைக்கிற மீன். இங்கே இரண்டு தடவை வாலை அசைத்தால் கண்ணாடி வந்துவிடும். திரும்பும். இரண்டு அசைப்பு. மறுபடி கண்ணாடி. காலையில் கடை திறக்கும்போது பார்ப்பேன், சாத்தும்போது பார்ப்பேன், அது திரும்பிக்கொண்டேதான் இருக்கும். ஆட்டோ ஸ்டாண்டில் இதை வைத்து ஒரு பேச்சே கிளம்பிவிட்டது. "குமரேசன் ஊட்டு மீனு கிரிவலம் போவுதுப்பா" என்பான் ஒருவன். "கிரிவலம் போனா வழியில எட்டு லிங்கம் இருக்கு, நின்னு கும்புட்டுட்டுப் போலாம். அதுக்கு இன்னா இருக்கு?" என்பான் இன்னொருவன்.

மேல்மாடியில் தங்கியிருந்த போலந்து நாட்டு அம்மா ஒருவர், முதலில் இதை நடைத் தியானம் என்று நினைத்துவிட்டார். காலையில் தொட்டிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து துரையையே பார்த்துக்கொண்டிருப்பார். குமரேசனுக்கு மீன் தொட்டி வைத்ததன் பலன் கிடைத்துவிட்டது. ஆனால் சில நாளில் அந்த அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே போய்விட்டார்.

"இன்னா ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

"அவன் தியானம் பண்ணலியாம். கதவத் தேடறானாம்" என்றார் குமரேசன். "வெளிநாட்டுக்காரங்களுக்கு எதுலயும் ஒரு சோகம் வேணும். சந்தோஷம் ஜாஸ்தியானாத்தான் மீனு இப்டி ஓடும். நான் வீடியோவுல பாத்தேன்." அந்த வீடியோ எந்த மொழியில் இருந்தது என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் வந்தது. ஊரே கொள்ளாத கூட்டம். மோனத்தில் எல்லா அறையும் நிரம்பி, வரவேற்பறையில் ஓசூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு நின்றுகொண்டிருந்தது. நான் அவர்களுடைய திரும்பிப் போகிற டிக்கெட் விஷயமாக அங்கே போயிருந்தேன். அந்தக் குடும்பத்துப் பெரியவருக்கு விரலில் பெரிய கல் மோதிரம். எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். கண்ணாடியை மோதிரத்தால் டொக் டொக்கென்று தட்டினார்.

துரை மிரண்டுபோய் ஒரே பாய்ச்சல் பாய்ந்தது. பக்கவாட்டில் போக இடமில்லை. மேலேதான் இருந்தது. மூடியைத் தூக்கி அடித்துக்கொண்டு வெளியே வந்து, மேஜைமேல் பரப்பியிருந்த ஆதார் ஜெராக்ஸ்கள் நடுவில் விழுந்து படபடவென்று துடித்தது. ஓசூர்க் குடும்பம் வாசலுக்குப் போய்விட்டது. குமரேசன் நாற்காலிமேல் ஏறிவிட்டார். நிலைமையை மேலேயிருந்து கவனிக்க ஏறியதாகப் பிறகு சொன்னார்.

துவைத்த விரிப்புகளை மாடிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த உண்ணாமலை, கூடையை அப்படியே போட்டார். ஒரு ஈர விரிப்பை எடுத்து மீன்மேல் போட்டு, இரண்டு கையாலும் சேர்த்து வாரி எடுத்தார். நான் ஸ்டூலை நகர்த்தினேன். அவர் ஏறி, விரிப்போடு தண்ணீரில் இறக்கி, மெதுவாக விரிப்பை உருவிக்கொண்டார். புடவை முழுக்க உப்புத் தண்ணீர். கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

கூட்டமெல்லாம் கலைந்த பிறகு நான் கிளம்பும்போது குமரேசன் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். துரை ஒரு மூலையில் சாய்ந்தாற்போல நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மூக்கு பிய்ந்து வெள்ளையாகத் தொங்கியது. அதற்குக் கீழே பழைய காயம் ஒன்று ஆறிப்போயிருந்தது. அதுவும் கண்ணாடியில் இடித்துக்கொண்டதுதான் போலிருக்கிறது. ஒரு தடவை திரும்ப முயன்றது. மூக்கு பின்கண்ணாடியில் இடித்தது, வால் முன்கண்ணாடியில் உரசியது. குமரேசன் அதைப் பார்த்தார்.

"திரும்பறதுக்கே எடமில்லைங்க" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் அவர் பழையபடி குமரேசன் ஆகிவிட்டார். வரவேற்பறையை ஒட்டியிருந்த தியான அறைச் சுவரை இடித்துவிட்டுத் தொட்டியை அந்தப் பக்கம் வரை நீட்டப் போவதாகச் சொன்னார். மேஸ்திரிக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

"செவுத்த எடுத்துட்டா பன்னெண்டடி வரும்" என்று மனைவியிடம் விளக்கினார்.

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா? தொட்டிக்குத் தகுந்தாப்ல வளந்துட்டு நின்னுக்கும்."

உண்ணாமலை தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தார். "இளவரசன் ஹாஸ்டல்ல மூணு பேரு ரூம்ல இருந்தான். கட்டில்ல கால் நீட்ட எடமில்லன்னு போன்ல பொலம்புவான். அவன் வளராம நின்னுட்டானா?"

இளவரசன் அவர்கள் மகன். இப்போது வாசல் நிலையில் தலை இடிக்காமல் வீட்டுக்குள் வர அவனால் முடியாது.

"மனுஷன் வேற, மீனு வேற" என்றார் குமரேசன்.

"ஆமா. மனுஷன்னா லீவுக்கு வூட்டுக்கு வருவான்."

அதற்கு ஒரு வீடியோ இருக்கிறதா என்று குமரேசன் செல்போனில் தேட ஆரம்பித்தார். உண்ணாமலை அங்கேயே தங்கை வீட்டுக்குப் போன் போட்டார். முருகையன்தான் எடுத்தார்.

"நான் அப்பவே சொன்னனேக்கா, பாறை தொட்டியில அடங்காதுன்னு. அண்ணன்தான் கேக்கல" என்றார். பிறகு பண்ணையில் தாய்மீன்கள் வளர்க்கிற பெரிய வட்டத் தொட்டி ஒன்று இருப்பதாகவும், அதில் இதே ஜாதி மீன் சில இருப்பதாகவும், முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகவும் சொன்னார். மாலையே சரி என்று பதில் வந்தது. கொஞ்ச நாள் தனியாக வைத்து, நோய் நொடி இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதோடு சேர்ப்பார்களாம். மேஸ்திரி வந்து சும்மா திரும்பிப் போனார்.

மூக்குக் காயம் ஆறியதும் ஒரு விடியற்காலையில் குட்டி யானை வண்டி வந்தது. பின்னால் பெரிய நீல டிரம், பேட்டரியில் காற்று அடிக்கிற மோட்டார். டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னதற்குக் குமரேசன் மாட்டேன் என்றார். பின்னால் ஏறி டிரம்மைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்துகொண்டார். வேகத்தடை வரும்போதெல்லாம் மூடியை அமுக்கிக்கொண்டு டிரைவரைத் திட்டினார். முன்னால் உட்கார்ந்துபோன உண்ணாமலைதான் இதையெல்லாம் எனக்குச் சொன்னார்.

செஞ்சியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அங்கே ஒருவர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்து, "நல்ல பாறையாச்சே. கொழம்புக்கு வெட்டுனா எத்தினி துண்டு வரும்?" என்று கேட்டார். அவர் ஆசையாகத்தான் கேட்டார். குமரேசன் டீயைக் குடிக்காமல் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்.

மரக்காணத்துப் பண்ணையில் ஆள்கள் டிரம் தண்ணீரோடு தங்கள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கினார்கள். பிறகு துரையை ஒரு தனித் தொட்டியில் விட்டார்கள். அதுவே மோனத்தின் வரவேற்பறை அளவுக்கு இருந்தது.

துரை இரண்டு தடவை வாலை அசைத்தது. நாலடி போனது. திரும்பியது. மறுபடி இரண்டு அசைப்பு, திரும்பல். அங்கே கண்ணாடி இல்லை. முன்னால் தண்ணீர் தன் பாட்டுக்குக் கிடந்தது. துரை மட்டும் அந்த நாலடியிலேயே போய்ப்போய் வந்தது.

"இது இன்னா இது?" என்றார் குமரேசன்.

"பழக்கம் சார். போகப் போகச் சரியாயிடும்" என்றார் பண்ணை ஆள்.

முருகையன் சாப்பிடக் கூப்பிட்டார். உண்ணாமலையும் தங்கையும் கூப்பிட்டார்கள். குமரேசன் வரவில்லை. தொட்டியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "போடா, அங்க ஒண்ணும் இல்லடா. போய்த்தான் பாரேன்." பண்ணை ஆள்கள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒருவர் தீனி எடுத்துவந்து எதிர்ப்பக்கம் வீசினார். துரை வழக்கமான இடத்தில் திரும்ப ஆரம்பித்தது. தீனி விழுந்த சத்தத்துக்கு நின்றது. பிறகு போனது. கண்ணாடி இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, எதிர்க்கரை வரை போய், சுவரை ஒட்டியே வளைந்து, முழுசாக ஒரு சுற்று சுற்றி வந்தது. மறுபடி ஒரு சுற்று. இப்போது அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான், இத்தனை நாளும் அது ஓடவே இல்லை என்று தெரிந்தது என்றார் உண்ணாமலை. குமரேசன் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

இப்போது மோனத்தின் வரவேற்பறைத் தொட்டியில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஜோடி கோமாளி மீன் இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது. தொட்டியில் அவற்றுக்கு ஊர் சுற்றிப் பார்க்க இடம் இருக்கிறது. கேட்டிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குமரேசன் இந்த விஷயத்தில் மாவட்டத்துக்கே நிபுணர் ஆகிவிட்டார். "நாலடியில பாறை வெக்கலாமான்னு எவனாச்சும் கேட்டா செருப்பால அடிப்பேன். முழுசா வளந்தா எவ்ளோ வரும், எவ்ளோ ஓடும்னு பாத்துட்டுத்தான் மீனு வாங்கணும். நான் எப்பவுமே சொல்றதுதான் இது" என்பார். அதைக் கேட்டுக்கொண்டே உண்ணாமலை தண்ணீர் மாற்றுவார்.

மாதத்துக்கு ஒருமுறையாவது குமரேசன் மச்சினி வீட்டைப் பார்த்துவர மரக்காணம் போகிறார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இல்லாத மச்சினிப் பாசம். துரை இப்போது பெரிய வட்டத் தொட்டியில் தன் ஜாதியோடு இருக்கிறது. பட்டைகள் மங்கி, உடம்பு வெள்ளியும் மஞ்சளுமாக மின்னுகிறதாம். "என்னைப் பாத்தா ஓடியாறான்ங்க. அத்தினி மீனுல அவன் மட்டும்" என்று என்னிடம் சொன்னார்.

"தீனி வாளி கையில இருந்தா எல்லா மீனுந்தான் ஓடியாரும்" என்றார் உண்ணாமலை. "ஒரு தரம் வெறுங்கையோட போய் நில்லுங்களேன்."

போன மாதம் அப்படியே போய் நின்றிருக்கிறார். துரை அவர் காலடி வரை வந்தது, நிற்காமல் கடந்து போய்விட்டது. சுற்றி வந்து, மறுபடியும் நிற்காமல் போனது. குமரேசன் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

"இன்னாங்க, வந்தானா?" என்று கடையிலிருந்தே கேட்டேன்.

"பிஸியா இருக்கான்ங்க" என்றார்.